அரைமணி நேரப் பாடமும் மீதி நாளும்

எல்லையோரத்து வகுப்பறைகள் – 11

2020 ஜூன் 1 அன்று கேரளத்தில் பெருந்தொற்றால் பள்ளிக் கதவுகள் திறக்காமலே கல்வியாண்டு தொடங்கியது. விக்டர்ஸ் தொலைக்காட்சியின் ‘ஃபர்ஸ்ட் பெல்’ நிகழ்ச்சி வகுப்பறையின் இடத்தைப் பிடித்தது. தொடக்க வகுப்புப் பிள்ளைக்கு அதில் கிடைத்தது நாளொன்றுக்கு அரைமணி நேரம். ஆறு வயதுக் குழந்தை திரைக்கு முன் அதற்குமேல் உட்காராது என்பதால் அந்த அளவைக் குறைசொல்ல முடியாது. ஆனால் மீதி நாள் யார் பொறுப்பு? சின்ன வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. 17 மாதங்கள் அந்த மீதி நாள் வீட்டின் கையில் இருந்தது. பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதி எல்லைக் கிராமங்களில் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு அந்த அரைமணி நேரமும் முழுதாக வாய்க்கவில்லை. தொலைக்காட்சி பேசியது மலையாளம். தமிழ் வழிப் பாடங்களும் தயாராயின என்றாலும், அவற்றைப் பார்க்கப் பெரும்பாலும் யூடியூப் வேண்டும். அதற்கு வீட்டில் ஒரு நல்ல போனும் டேட்டாவும் வேண்டும். எல்லை ஊரான களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டின் கல்வித் தொலைக்காட்சி தமிழில் பாடம் நடத்தியது உண்மைதான். அது நடத்தியது தமிழ்நாட்டுப் பாடநூலை. இந்தப் பிள்ளைகளின் பையில் இருப்பது கேரளப் பாடநூல்.

இதைப் பார்க்கிறவர்கள் உடனே சொல்லும் தீர்வு, தமிழுக்கென இன்னொரு சேனல் என்பதுதான். சேனல் வரட்டும், நல்லது. ஆனால் பள்ளி மூடிய காலத்தில் சின்னப் பிள்ளையின் படிப்பைக் காப்பாற்றுவது, வீட்டில் ஒரு பெரியவர் அதற்குப் புரியும் மொழியில் அதனோடு பேசியும் சேர்ந்து செய்தும் கழிக்கிற நேரம்தான் என்பதே என் வாதம். இதற்கு வலுவான சான்று பாகிஸ்தானில் இருக்கிறது. 2005 நிலநடுக்கம் தாக்கிய பகுதிகளில் பள்ளிகள் சராசரியாக 14 வாரங்கள் மூடிக்கிடந்தன. நான்கு ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் சோதித்தபோது, நிலப்பிளவுக்கு அருகில் வாழ்ந்த பிள்ளைகள் மற்றவர்களைவிட ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுப் படிப்பு பின்தங்கியிருந்தார்கள். இழந்தது 14 வாரம். பின்னடைவு அதைப்போலப் பல மடங்கு. ஆனால் தொடக்கக் கல்வியாவது முடித்த தாய்மாரின் பிள்ளைகளிடம் அந்தப் பின்னடைவு காணப்படவில்லை. பள்ளி திறந்த பிறகும் விட்ட இடத்தை வீடு மெல்லமெல்ல நிரப்பியிருக்க வேண்டும்.

இந்தச் சான்று எனக்கே எதிராகவும் திரும்பும். தாய் படிக்காத வீட்டின் கதி என்ன என்று யாரும் கேட்கலாம். போட்ஸ்வானா நாட்டில் 2020இல் நடந்த சோதனை இதற்குப் பதில் தருகிறது. சுமார் 4,500 குடும்பங்களில் ஒரு பகுதிக்கு வாராவாரம் கணக்குகள் குறுஞ்செய்தியாகப் போயின. இன்னொரு பகுதிக்குக் குறுஞ்செய்தியோடு, பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து பேசும்படி வாரம் ஒருமுறை 20 நிமிடத் தொலைபேசி அழைப்பும் போனது. குறுஞ்செய்தி மட்டும் பெற்றவர்களிடம் சொல்லத்தக்க முன்னேற்றம் இல்லை. அழைப்பும் சேர்ந்த வீடுகளில் பிள்ளைகளின் கணக்குத் திறன் உயர்ந்தது. பிறகு இந்தியா, நேபாளம், கென்யா, உகாண்டா, பிலிப்பைன்ஸ் ஆகிய ஐந்து நாடுகளில் பெரிய அளவில் செய்துபார்த்தபோதும் அழைப்பு பலன் தந்தது. இதற்குப் பழைய பட்டன் போன் போதும். வாட்ஸ்அப்பில் ஒர்க்ஷீட்டை அனுப்பிவிட்டு நிறுத்துவதற்கும், கூப்பிட்டு விசாரிப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

அப்படிக் கூப்பிடும் ஆசிரியர் எதைச் செய்யச் சொல்வது? தென்னை இல்லாத முற்றம் இந்த ஊர்களில் அரிது. ஈர்க்கை ஒடித்துப் பத்துப் பத்தாக வாழைநாரில் கட்டினால் இடமதிப்பு கைக்குள் வந்துவிடும். 43இலிருந்து 17ஐக் கழிக்க வேண்டுமா? நான்கு கட்டும் மூன்று உதிரியும் எடுத்துவைக்க வேண்டும். உதிரி போதாது, ஒரு கட்டை அவிழ்த்தால் உதிரி 13 ஆகும். அதில் 7 போக 6, மீதியுள்ள மூன்று கட்டில் ஒன்று போக இரண்டு, விடை 26. ‘கடன் வாங்குதல்’ என்று மனப்பாடமாகச் சொல்லும் படி இங்கே கண்ணெதிரே நடக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் இதைக் கூட இருந்து செய்யலாம். பல்லாங்குழி ஆடினால் சம பங்கீடு வரும்; மரச்சீனியைக் கிலோவாக நிறுத்து விற்கும் வீட்டில் பெருக்கல் வரும். பாலராமபுரத்து நெசவு வீடுகளில் கரையின் இழையை எண்ணுவதே ஒரு பாடம்.

மொழியைப் பற்றி ஓர் ஆட்சேபம் எழும். எல்லைக் கிராமத்து வீடுகளில் பேசுவது கலப்புத் தமிழ், அதை வைத்து எப்படித் தமிழ்ப் பாடம் என்பார்கள். என் பார்வையில் கலப்புதான் இந்தப் பிள்ளைகளின் கையிருப்பு. இங்கே ‘வெள்ளம்’ என்றால் குடிக்கும் நீர். தமிழ்ப் பாடநூலில் அது ஆற்றுப் பெருக்கு. ‘களி’ மலையாளத்தில் விளையாட்டு. தமிழில் உண்ணும் களி. இப்படிப்பட்ட சொற்களை வீட்டில் கேட்டு இரண்டு பத்தியாக எழுதிவரச் சொன்னால், பிள்ளை தன் பேச்சைக் குறித்து வெட்கப்படாமல் எழுத்துத் தமிழுக்குள் நடந்து வரும். ரேஷன் அட்டையிலும் பேருந்துப் பலகையிலும் உள்ள மலையாள எழுத்தும் அதற்குத் துணையாகும்.

காலையில் ரப்பர் வெட்டவும் பிறகு தொழிலுறப்பு (ஊரக வேலை உறுதித் திட்ட) வேலைக்கும் போகிற வீட்டில் நேரம் ஏது என்பது இன்னும் நியாயமான கேள்வி. அதனால்தான் வீட்டுச் செயல்பாடு தனி வகுப்பாக இருக்கக் கூடாது. கிழங்கு தோல் சீவும்போதும் கடைக்குப் போகும்போதும் செய்யத்தக்கதாக இருக்க வேண்டும். அரசு தன் கடமையை வீட்டின் தலையில் கட்டிவிடும் என்ற அச்சமும் வீணானதல்ல. ஆனால் அந்தக் கடமை சட்டத்திலேயே இருக்கிறது. 1956 நவம்பர் 1 அன்று, மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது, விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்துக்கும் நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்துக்கும் போயின. அதே நாளில் நடைமுறைக்கு வந்த ஏழாவது திருத்தம், மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க மாநிலங்கள் போதிய வசதி செய்ய முயல வேண்டும் என்ற 350ஏ பிரிவை அரசமைப்பில் சேர்த்தது. பள்ளி மூடியிருக்கிறது என்பதால் அந்தப் பொறுப்பு விடுமுறை எடுத்துக்கொள்ளாது. வீட்டுக்கு அழைப்பது தமிழ் தெரிந்த ஆசிரியராக இருக்க வேண்டும். அந்த அழைப்பு அவருடைய பணி நேரத்தில் சேர வேண்டும். காலிப் பணியிடம் நிரப்பப்பட வேண்டும்.

பெருந்தொற்று போய்விட்டது; ஆனால் மழைக்காகப் பள்ளி மூடும் நாட்கள் ஆண்டுதோறும் வருகின்றன. எல்லையோரத் தமிழ் வழிப் பள்ளி ஆசிரியர்களே, வகுப்பில் உள்ள ஒவ்வொரு வீட்டின் எண்ணையும், யார் எடுத்தால் பேசுவார்கள் என்பதையும் இப்போதே குறித்துவையுங்கள். பெற்றோரே, அடுத்த மழை விடுமுறைக்கு முன் ஒரு பிடி ஈர்க்கை ஒடித்து, எண்ணிக் கட்டிவையுங்கள்.

(தொடரும்)