வெளிச்சம் அறியும் விதை

மாடித்தோட்டம் போடத் தொடங்குபவர்கள் முதலில் கேட்பது, விதையை எவ்வளவு ஆழத்தில் ஊன்றுவது என்பதைத்தான். வெள்ளரிக்கும் முள்ளங்கிக்கும் விடை எளிது: விதையின் பருமனைப்போல் இரண்டு மூன்று மடங்கு மண் மூடினால் போதும். சாலட் இலையான லெட்டூஸும் பூச்செடியான பெட்டூனியாவும் இந்தக் கணக்குக்கு அடங்காதவை. அவற்றின் விதைகளை மண்ணின்மேல் தூவி, விரலால் லேசாக அழுத்திவிட்டால் போதும்.

ஒரு கிராம் லெட்டூஸ் விதையில் ஏறக்குறைய ஆயிரம் விதைகள் இருக்கும். பெட்டூனியா விதையோ வெறும் தூசிதான். இவ்வளவு சிறிய விதைக்குள் இருக்கும் உணவு, ஆழத்திலிருந்து முளை மேலே வந்து சேரப் போதாது. ஆகவே பெரும்பாலும் வெளிச்சம் பட்டால்தான் இவை கண்விழிக்கும்.

1952-இல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் வேளாண் ஆராய்ச்சி மையத்தில் ஹாரி போர்த்விக், ஸ்டெர்லிங் ஹென்ட்ரிக்ஸ் குழுவினர் இதை அழகாக நிறுவினார்கள். ‘கிராண்ட் ரேப்பிட்ஸ்’ என்ற லெட்டூஸ் ரகத்தின் விதைகளை நனைத்து இருட்டில் வைத்தார்கள். பிறகு சிவப்பு ஒளியையும், அதற்கு அடுத்த, நம் கண்ணுக்கு மிக மங்கலாகவே தெரியும் தொலைச்சிவப்பு ஒளியையும் மாறி மாறிக் காட்டினார்கள். கடைசியாகப் பட்டது சிவப்பு என்றால் விதைகள் முளைத்தன. தொலைச்சிவப்பு என்றால் பெரும்பாலானவை உறங்கிக் கிடந்தன. எத்தனை முறை மாற்றினாலும் கடைசி ஒளிதான் தீர்மானித்தது. ஒளியை உணரும் அந்த நிறமிக்குப் பின்னாளில் ஃபைட்டோகுரோம் என்று பெயரிட்டார்கள்.

இதனால் விதைக்கு என்ன லாபம்? பச்சை இலைகள் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு தொலைச்சிவப்பைக் கீழே விட்டுவிடுகின்றன. தலைக்குமேல் வேறு செடி நிழல் பரப்பியிருக்கிறது என்பதை, முளைக்கும் முன்பே விதை தெரிந்துகொள்கிறது! மூளையோ நரம்போ இல்லாத ஒன்றுக்கு எவ்வளவு நுட்பமான அறிவு இது.

வெப்பத்தையும் லெட்டூஸ் விதை கணக்கில் எடுத்துக்கொள்ளும். 30 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பல ரகங்கள் முளைக்க மறுக்கும். சென்னைச் சித்திரையில் தூவிவிட்டு விதைக் கடைக்காரரைக் குறை சொல்வது நியாயமில்லை. கார்த்திகை, மார்கழியில் தூவுங்கள். அப்போதும் வெக்கையாக இருந்தால், ஈரத்துணியில் மடித்து ஓரிரு நாள் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் பிறகு தூவலாம். கோடையில் கீரை வேண்டுமென்றால் தண்டுக்கீரைதான் நம் வெயிலுக்கு ஏற்றது. அதன் பொடி விதையை மணலோடு கலந்து தூவினால் ஒரே இடத்தில் குவியாது.

குழித்தட்டில் தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் கலந்து நிரப்புங்கள். குவளையால் ஊற்றினால் விதை அடித்துப் போகும். ஸ்பிரேயரால் நனைப்பதே நல்லது. எப்போதும் சொதசொதவென்று இருந்தால் நாற்றழுகல் பூஞ்சை வந்து, நாற்றுகள் அடித்தண்டில் நைந்து சாயும். நாலைந்து இலை விட்டதும் தொட்டிக்கு மாற்றலாம்.

பூக்களில் செண்டுமல்லியும் ஜீனியாவும் புதியவர்களுக்கு ஏற்றவை. லேசாக மண் மூடினால் ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். ஆனால் கலப்பின விதை என்று பாக்கெட்டில் போட்டிருந்தால், அதன் பூவிலிருந்து எடுக்கும் விதை தாயைப்போல் வராது.

லெட்டூஸில் பெரும்பாலான ரகங்களுக்கு அந்தக் கவலை இல்லை. தன் மகரந்தத்தாலேயே கருவுறும் செடி அது. வெயில் ஏறி, தண்டு நீண்டு, இலை கசக்கத் தொடங்கியதும் பிடுங்கி எறியாமல் ஒரு செடியையாவது பூக்க விடுங்கள். மஞ்சள் பூக்கள் வெண்பஞ்சாக மாறியதும் விதையை உதிர்த்து, உலர்த்தி, காற்றுப் புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் அடுத்த கார்த்திகைக்கு விதை வாங்க வேண்டியதில்லை.