குறைதிறன் ஒற்றைப்பலகைக் கணினி

குறைதிறன் ஒற்றைப்பலகைக் கணினி என்பது செயலி, நினைவகம், உள்ளீட்டு வெளியீட்டு இணைப்புகள் ஆகிய அனைத்தும் ஒரே மின்சுற்றுப் பலகையில் அமைந்து, சில வாட் அல்லது அதனினும் குறைந்த திறனில் இயங்கும் சிறு கணினி ஆகும். வானிலைப் பதிவு, நீர்மட்ட அளவீடு, தோட்டப் பாசனக் கட்டுப்பாடு போன்ற பொழுதுபோக்குத் திட்டங்களிலும் பள்ளி, கல்லூரிச் செய்முறைகளிலும் இது பயன்படுகிறது. மின்கலத்தில் இயங்கும் திட்டத்துக்குப் பலகை தேரும்போது செயலியின் வேகத்தைக் காட்டிலும் ஒரு நாளில் செலவாகும் மொத்த ஆற்றலே முதன்மையானது.

வரலாறு

ஒற்றைப்பலகைக் கணினிகளுள் தொடக்ககாலத்தைச் சேர்ந்த கிம்-1, 1976-இல் மாசு டெக்னாலசி நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. அதில் 6502 நுண்செயலியும் 1 கிலோபைட் நினைவகமும் இருந்தன. அதே ஆண்டில் இன்டெல் 8085 நுண்செயலி வெளிவந்தது. அதன் பெயரில் உள்ள 5, ஒரே 5 வோல்ட் மின்வழங்கல் போதும் என்பதைக் குறிக்கும். பதினறும எண்விசைகளும் எழுகூற்று எண்காட்டியும் கொண்ட 8085 பயிற்சிப் பலகை, தமிழ்நாட்டின் பொறியியல், பல்தொழில்நுட்பக் கல்லூரி ஆய்வகங்களில் பல தலைமுறை மாணவர்களுக்கு அறிமுகமான ஒற்றைப்பலகைக் கணினி ஆகும்.

2005-இல் இத்தாலியில் தோன்றிய ஆர்டுயினோவும், 2012 பெப்ரவரி 29 அன்று 35 அமெரிக்க டாலர் விலையில் வெளியான ராசுபெரி பையும் இத்தகைய பலகைகளைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தன.

இந்தியாவில்

பெங்களூரின் இந்திய அறிவியல் கழக அறிஞர்களும் என்கோர் மென்பொருள் நிறுவனமும் உருவாக்கிய சிம்பியூட்டர் என்னும் கையடக்கக் கணினி, லினக்சு இயங்குதளத்தைக் குறைந்த மின்திறனில் இயக்கியது. 2001-இல் அறிமுகமான இது, 2004-இல் அமிதா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது, எனினும் பரவலாகவில்லை.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் சக்தி செயலித் திட்டம், ரிசுக்-வி என்னும் கட்டற்ற கட்டளைத் தொகுதியை அடிப்படையாகக் கொண்டது. அதன் சில்லு ஒன்றில் 2018-இல் லினக்சு இயக்கப்பட்டது. சி-டாக் நிறுவனம் வடிவமைத்த தேசசு32 சில்லைக் கொண்ட ஏரிசு பலகைகளும் ரிசுக்-வி வகையினவே. இவை 100 மெகாஎர்ட்சு வேகமும் 256 கிலோபைட் நினைவகமும் உடையவை. ஆர்டுயினோ மென்பொருள் வழியாக நிரல் எழுத இயலும்.

இரு வகைகள்

பேச்சு வழக்கில் ஒற்றைப்பலகைக் கணினி எனப்படுபவை உண்மையில் இரு வகைப்படும்.

முதலாவது, இயங்குதளம் உடைய பலகை. ராசுபெரி பை 4, ராசுபெரி பை சீரோ, பீகிள்போன் ஆகியவை இவ்வகை. நிழற்படம் எடுத்தல், படத்தை ஆய்தல், இணையப் பக்கம் வழங்கல், தரவுத்தளம் பேணல் ஆகியவற்றுக்கு இது வேண்டும். வேலை இல்லாதபோதும் இவற்றின் செயலியும் நினைவகமும் விழித்திருப்பதால் மின்செலவு தொடரும்.

இரண்டாவது, நுண்கட்டுப்படுத்திப் பலகை. ஆர்டுயினோ யூனோ, 2021-இல் வெளியான ராசுபெரி பை பிக்கோ, ஈஎசுபி32, ஏரிசு ஆகியவை இவ்வகை. பொதுவாக இவற்றில் ஒரே நிரல் இயங்கும். மின் கொடுத்தவுடன் வேலையைத் தொடங்கும். தேவையில்லாத நேரத்தில் உறக்கநிலையில் வைக்கலாம்.

உணரியைப் படித்து எண்ணைப் பதிவு செய்வது மட்டுமே வேலையெனில் இரண்டாம் வகையே போதுமானது.

மின்தேவையைக் கணித்தல்: ஓர் எடுத்துக்காட்டு

விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சி வட்டாரத்தை அடுத்த பனமலை, பல்லவ மன்னன் இராசசிம்மன் கட்டிய தாளகிரீசுவரர் கோயிலுக்கும் குன்றை ஒட்டிய ஏரிக்கும் அறியப்பட்ட ஊர். இத்தகைய ஏரியின் நீர்மட்டத்தை 15 நிமிடங்களுக்கு ஒருமுறை பதியும் கருவி ஒன்றைக் கருதுவோம். அதற்கு 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈய அமில மின்கலம் தரப்படுகிறது. அதன் கொள்ளளவு 84 வாட்-மணி. மின்கலம் நெடுநாள் உழைக்க அதில் பாதியை, அதாவது 42 வாட்-மணியை மட்டும் பயன்படுத்துவது நன்று. மின்மாற்ற இழப்புகளை விட்டுவிட்டுக் கணக்கிட்டால் கிடைப்பவை வருமாறு:

- ஏறத்தாழ 3 வாட் கொள்ளும் ராசுபெரி பை 4: நாளொன்றுக்கு 72 வாட்-மணி. மின்கலம் 14 மணி நேரம் தாங்கும்.
- ஏறத்தாழ 0.6 வாட் கொள்ளும் ராசுபெரி பை சீரோ டபிள்யூ: நாளொன்றுக்கு 14.4 வாட்-மணி. மின்கலம் ஏறத்தாழ 3 நாட்கள் தாங்கும்.
- விழிப்பில் 0.25 வாட்டும் உறக்கத்தில் 0.005 வாட்டும் கொள்ளும் நுண்கட்டுப்படுத்திப் பலகை: ஒருமுறைக்கு 5 நொடி வீதம் நாளில் 96 முறை விழித்தால் மொத்த விழிப்பு நேரம் 8 நிமிடம், அதற்கான செலவு 0.03 வாட்-மணி. எஞ்சிய நேர உறக்கத்துக்கு 0.12 வாட்-மணி. மொத்தம் 0.15 வாட்-மணி. மின்கலம் எட்டு மாதங்களுக்கு மேல் தாங்கும் எனக் கணக்கு வரும். நடைமுறையில் மின்கலம் தானாகவே இழக்கும் ஆற்றலையும் இச்செலவோடு சேர்த்துக் கருத வேண்டும். ஆகவே மிகச் சிறிய மின்கலமே போதும்.

மூன்றாவது பலகையின் செலவில் ஐந்தில் நான்கு பங்கு உறக்கத்தில் கழிகிறது. ஆகவே இவ்வகைத் திட்டத்தில் பலகையின் உறக்கநிலை மின்னோட்டமே முதலில் பார்க்க வேண்டிய எண் ஆகும்.

சூரியத் தகடு இருந்தால் இக்கணக்கு தேவையில்லை எனக் கருதலாகாது. 10 வாட் தகடு தெளிந்த நாளில் ஏறத்தாழ 40 வாட்-மணி தரும்; முதற்பலகைக்கு அதுவே போதாது. மேலும், இப்பகுதியின் ஏரிகள் நிரம்புவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில். 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே பெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது விழுப்புரம் மாவட்டத்தில் மிகக் கனமழை பெய்தது. நீர்மட்டப் பதிவு மிகவும் தேவைப்படும் அத்தகைய நாட்களில் வெயிலும் இராது, மின்வாரிய இணைப்பும் துண்டிக்கப்படலாம். எனவே வெயிலின்றிக் குறைந்தது 5 நாட்களாவது இயங்கும்படி மின்கலத்தையும் பலகையையும் பொருத்திப் பார்ப்பது நல்லது. இந்த அளவுகோலில் இரண்டாம் பலகையும் தேறாது.

மின்னழுத்தச் சீராக்கி

12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்கப் பலரும் 7805 என்னும் நேரியல் சீராக்கியைப் பயன்படுத்துவர். இதில் ஆற்றலின் பாதிக்கு மேற்பட்ட பகுதி வெப்பமாக வீணாகும். பலகையே இணைக்கப்படாவிட்டாலும் சீராக்கி தனக்கென ஏறத்தாழ 5 மில்லி ஆம்பியர் எடுத்துக்கொள்ளும். 12 வோல்ட்டில் இது நாளொன்றுக்கு 1.44 வாட்-மணி ஆகும். மேற்கண்ட நுண்கட்டுப்படுத்திப் பலகையின் தேவையைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு. இதனால் சும்மா இருக்கும்போது மிகக் குறைந்த மின்னோட்டம் கொள்ளும் நிலைமாற்றுச் சீராக்கியைத் தேர்வது இன்றியமையாதது. பலகையில் எப்போதும் எரியும் அடையாள விளக்கும் இவ்வாறே ஆற்றலை உண்ணும்.

தேர்வின்போது கருத வேண்டிய பிற கூறுகள்

- குறிப்பலை மின்னழுத்தம்: ராசுபெரி பையின் இணைப்பு முனைகள் 3.3 வோல்ட்டுக்கு உரியவை. 5 வோல்ட் குறிப்பலை தரும் மீயொலி உணரியை நேரே இணைத்தால் பலகை பழுதாகலாம்.
- ஒப்புமை உள்ளீடு: ராசுபெரி பை 4, சீரோ ஆகியவற்றில் இது இல்லை, தனிச் சில்லு வேண்டும். யூனோ, பிக்கோ ஆகியவற்றில் உண்டு.
- கடிகாரம்: மின் நின்றாலும் நேரம் காட்டும் கடிகாரம் பல பலகைகளில் இல்லை. பதிவுகளுக்கு நேரம் தேவையெனில் தனியே சேர்க்க வேண்டும்.
- சேமிப்பு: இயங்குதளம் உடைய பலகையில் எழுதும் வேளையில் மின் நின்றால் நினைவக அட்டையின் கோப்புகள் சிதையக்கூடும்.
- தொலைத்தொடர்பு: சிம் அட்டை வழியே தரவு அனுப்பும் இரண்டாம் தலைமுறை மோடம் ஒரு கணம் 2 ஆம்பியர் வரை இழுக்கக்கூடும். மின்வழங்கல் அதைத் தாங்க வேண்டும்.
- விலை: பலகையின் விலையோடு நினைவக அட்டை, சீராக்கி, மின்கலம், பெட்டி ஆகியவற்றின் விலையையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.
- கிடைக்கும் நிலை: 2021, 2022 ஆண்டுகளின் உலகளாவிய சில்லுப் பற்றாக்குறையின்போது ராசுபெரி பை பலகைகள் எளிதில் கிடைக்கவில்லை. வேறு பலகைக்கு மாற்றத்தக்க நிரலாக எழுதுவது பயன்தரும்.

இரண்டையும் இணைத்தல்

நிழற்படமும் தேவை, மின்கலமும் நீடிக்க வேண்டும் எனில் இருவகைப் பலகைகளையும் சேர்த்துப் பயன்படுத்தலாம். நுண்கட்டுப்படுத்தி நாள் முழுதும் காவல் இருந்து, நீர்மட்டம் குறித்த அளவைத் தாண்டும்போது மட்டும் லினக்சுப் பலகைக்கு மின் கொடுக்கும். படம் எடுத்து முடிந்தபின் அப்பலகை முறைப்படி நிறுத்தப்பட்டு, அதன் மின்னும் துண்டிக்கப்படும். நாளில் 10 நிமிடம் மட்டும் இயங்கும் 3 வாட் பலகைக்கு 0.5 வாட்-மணியே செலவாகும்.