வெள்ளத்தில் தாங்கும் நெல்: ஒரு மாணவரின் ஆய்வு தந்த பலன்

ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்துக்கொண்டால் டெல்டா விவசாயிக்குத் தூக்கம் போய்விடும். ஒரு வாரத்துக்கு மேல் முழுதும் மூழ்கிக் கிடந்த பயிர் பெரும்பாலும் தேறாது. விதைக்கும் உரத்துக்கும் நடவுக் கூலிக்கும் வாங்கிய கடன்தான் மிஞ்சும்.

தண்ணீருக்குள் மூழ்கிய நெல், காற்றைத் தேடி வேகமாக நீளும். அதற்காகச் சேமித்து வைத்த மாவுச்சத்தை எல்லாம் செலவழித்துவிடும். வெள்ளம் வடியும்போது பிழைக்கத் தெம்பு இருக்காது. ஒடிசாவின் எஃப்.ஆர்.13ஏ என்ற பழைய ரகமோ, மூழ்கியதும் வளர்ச்சியை அடக்கிக்கொண்டு, நீர் வடிந்த பின் மீண்டும் துளிர்க்கும். ஆனால் அதில் விளைச்சல் குறைவு.

இந்தக் குணம் எங்கிருந்து வருகிறது என்று அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்தில் நெல் ஆய்வாளர் டேவிட் மேக்கிலும், அவரிடம் பயின்ற ஆய்வு மாணவர் கெனோங் சூவும் தேடினார்கள். அது நெல்லின் 9ஆம் குரோமோசோமில் இருப்பதாக 1996இல் காட்டினார்கள். பேராசிரியை பமீலா ரொனால்டும் சேர்ந்த குழு, 2006இல் சப்1ஏ என்ற மரபணுவையே அடையாளம் கண்டது. இடையில் பத்தாண்டுப் பொறுமை இருக்கிறது.

பிறகு பிலிப்பைன்ஸ் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில், நம் நாட்டு சுவர்ணா ரகத்தில் இக்குணத்தைச் சேர்த்தார்கள். இது மரபணு மாற்றுப் பயிர் அல்ல. வழக்கமான கலப்பில் வந்ததுதான். இளம் நாற்றின் இலையைச் சோதித்தே தேவையான செடியைப் பொறுக்கியதால் காலம் மிச்சமானது. சுவர்ணா சப்1 இந்தியாவில் 2009இல் வெளியானது. சுமார் இரண்டு வாரம் மூழ்கினாலும் தாங்கும். நம் டெல்டா மக்கள் அறிந்த சி.ஆர்.1009 ரகத்திலும் இப்போது சப்1 உண்டு. ஆனால் கதிர் வரும் பருவத்தில் மூழ்கினால் இது காப்பாற்றாது.

பெற்றோர்களே, பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படிக்கும் பிள்ளைக்கு டாக்டர் படிப்பு கிடைக்காவிட்டால் எல்லாம் முடிந்ததென்று எண்ணாதீர்கள். கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் நான்காண்டு வேளாண் பட்டப்படிப்பு இருக்கிறது. தோட்டக்கலை, உணவுத் தொழில்நுட்பம், உயிரித் தொழில்நுட்பம் எனப் பல பிரிவுகளும் உண்டு. மகனோ மகளோ ஆய்வு செய்ய ஆசைப்பட்டால், "இதில் என்ன வருமானம்?" என்று முதலிலேயே மறித்துவிடாமல், என்ன ஆய்வு என்று கேளுங்கள்.