பாரமும் துலாமும் சொல்லும் லத்தீன் கதை

லத்தீன் அகராதியில் ஒரு வினைச்சொல்லைத் தேடினால் நான்கு வடிவங்கள் வரிசையாக நிற்கும். சுமத்தல், கொண்டுவருதல் என்று பொருள்படும் வினைக்கு அவை ஃபெரோ, ஃபெர்ரே, துலி, லாத்தும். முதல் இரண்டும் ஒரு வீட்டுப் பிள்ளைகள் என்பது பார்த்ததுமே தெரிகிறது. மற்ற இரண்டும் எங்கிருந்து வந்தன?

நிகழ்காலம் தமிழருக்கு எளிது. ஃபெரோ என்றால் சுமக்கிறேன், ஃபெர்ஸ், சுமக்கிறாய், ஃபெரிமுஸ், சுமக்கிறோம், ஃபெர்திஸ், சுமக்கிறீர்கள், ஃபெருந்த், சுமக்கிறார்கள். சுமக்கிறான், சுமக்கிறாள், சுமக்கிறது மூன்றுக்கும் ஃபெர்த் ஒன்றுதான். நம் வினைமுற்றைப் போலவே விகுதியே ஆளைச் சொல்லிவிடுவதால் 'நான்', 'நீ' என்று தனியே சொல்லத் தேவையில்லை.

இறந்தகாலத்தில்தான் படிப்பவர்கள் திகைக்கிறார்கள். சுமந்தேன் என்பதற்குத் துலி! 'தூக்குதல்' என்ற பொருளுடைய வேறொரு வேர் வந்து அந்த இடத்தை நிரப்பியிருக்கிறது. நாடகாசிரியர் பிளாட்டஸ் காலத்தில் அதற்கு 'தெதுலி' என்ற பழைய வடிவமும் வழங்கியது. லாத்தும் என்பதும் அதே வேர்தான். முன்னால் இருந்த தகர ஒலி தேய்ந்து மறைந்துவிட்டது. ஆங்கிலத்தில் 'கோ'வுக்கு 'வென்ட்' வந்து சேர்ந்ததும் இப்படித்தான்.

1786இல் கல்கத்தாவில் பேசிய வில்லியம் ஜோன்ஸ், சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் ஒரே மூலத்திலிருந்து பிறந்திருக்க வேண்டும் என்றார். அதற்கு இந்த வினை அருமையான சான்று. லத்தீன் ஃபெரோ, கிரேக்கத்தில் ஃபெரோ, சமஸ்கிருதத்தில் பரதி, ஆங்கிலத்தில் பேர். அந்தச் சமஸ்கிருத வேரிலிருந்து வந்த பாரம் என்ற சொல்லைத்தான் நாம் தினமும் சொல்கிறோம்.

துலிக்கும் இங்கே உறவு உண்டு. தூக்கி நிறுத்துப் பார்க்கும் 'துலா' அதே தொல்வேரின் கிளை. துலாக்கோல், துலாம் ராசி, யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணற்றில் நீர் இறைத்த துலா எல்லாம் அதன் வழி வந்தவை. லத்தீன் ஒரே வினைக்குள் கட்டிவைத்த இரு வேர்களும் வடமொழி வழியாகத் தமிழுக்குள் தனித்தனியே வந்து சேர்ந்திருப்பது வியப்பானது.

பேச்சு லத்தீனில் ஃபெர்ரே மெல்ல மறைந்தது. அந்த வேலையை 'போர்த்தாரே' எடுத்துக்கொண்டது. பிரெஞ்சும் இத்தாலியமும் இன்று அதன் வாரிசுகளையே வழங்குகின்றன. ஆனால் முன்னொட்டோடு சேர்ந்த வடிவங்கள் சாகவில்லை. ஆஃபர், ரெஃபர், கான்ஃபரன்ஸ் எல்லாம் ஃபெர் வழி வந்தவை. ரிலேஷன் லாத்தும் வழி வந்தது. அரசு ஊழியரின் டிரான்ஸ்ஃபரும் நூலின் டிரான்ஸ்லேஷனும் ஒரே வினையின் இரு வடிவங்கள். இரண்டுக்கும் அடிப்படைப் பொருள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுசேர்ப்பது. தமிழிலும் அதற்கு மொழி'பெயர்ப்பு' என்றே பெயர்.