காகிதக் கப்பலும் கண்டிப்பும்

அருப்புக்கோட்டையிலிருந்து கிழக்கே, கருவேலம் அடர்ந்த கண்மாய்க் கரைகளையும் வானம் பார்த்த மானாவாரிக் காடுகளையும் கடந்து சென்றால் வந்துசேரும் திருச்சுழியில், 1886-ஆம் ஆண்டை ஒட்டிய ஒரு நாளில், சுந்தரமையர் என்னும் வக்கீலின் வீட்டில் ஒரு சிறு குற்றம் நிகழ்ந்தது. குற்றவாளிக்கு வயது ஆறு. தகப்பனார் கட்டி வைத்திருந்த பழைய வழக்குக் கட்டுகளில் ஒன்றைப் பிரித்து, தாள் தாளாக மடித்துக் கப்பல் செய்து, தண்ணீரில் மிதக்கவிட்டு விளையாடிக்கொண்டிருந்தான் பையன். சுந்தரமையரோ பன்னிரண்டு வயதிலேயே மாதம் இரண்டு ரூபாய்ச் சம்பளத்துக்கு எழுத்துவேலையில் அமர்ந்து, பிறகு மனு எழுதிப் பிழைத்து, படிப்படியாக உயர்ந்து மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வழக்காடும் நிலைக்கு வந்தவர். அவருடைய ஜீவனம் முழுவதும் காகிதத்தின் மேல் நின்றது. ஆகவே அவருக்கு வந்த கோபத்தை அநியாயம் என்று சொல்வதற்கில்லை. அதட்டினார். பையனைக் காணோம். சாப்பாட்டு வேளைக்கும் அவன் வீடு திரும்பாமற்போகவே, வீட்டார் தேடத் தொடங்கினார்கள். கடைசியில் கோயில் அர்ச்சகர்தாம் அம்மன் சந்நிதியில், விக்கிரகத்துக்குப் பின்னால் அவன் தனியே உட்கார்ந்திருப்பதைக் கண்டுபிடித்தார்.

அந்தப் பையனே பின்னாளில் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்தவர். பத்தாண்டுகள் சென்று, தகப்பனாரும் காலமாகி, மதுரையில் சிற்றப்பா வீட்டில் இருந்து படித்தபோது, ஆங்கில இலக்கணப் பாடத்தை மூன்று முறை எழுதிவரும்படி பள்ளியில் விதிக்கப்பட்ட தண்டனையைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கண்மூடி அமர்ந்திருந்தவனைப் பார்த்து, இப்படி இருக்கிறவனுக்குப் புஸ்தகமும் வீடும் எதற்கு என்னும் கருத்துப்படத் தமையனார் ஒரு சொல் சொன்னார். அன்றைக்கே, 1896 ஆகஸ்டு 29-ஆம் தேதி, அவன் வீட்டைவிட்டுப் புறப்பட்டான். கண்டித்தால் பிள்ளை ஞானியாகிவிடும் என்று இதிலிருந்து யாரும் அனுமானிக்க வேண்டாம். அப்படியானால் எங்கள் வட்டாரத்தில் தெருவுக்கு நாற்பது ஞானிகள் உலவிக்கொண்டிருப்பார்கள். நான் கவனிக்க விரும்புவது வேறு. ஆறு வயதிலும் பதினாறு வயதிலும் ஒரு கடுஞ்சொல்லுக்கு அவன் செய்தது ஒன்றேதான்: வாதாடாமல், ஓசைப்படாமல் விலகிப்போனான். அதே அதட்டலுக்கு இன்னொரு பிள்ளை தரையில் புரண்டு அழும். மற்றொன்று தம்பியைக் கிள்ளும். வேறொன்று சிரித்துவிட்டு இரண்டாவது கப்பலைச் செய்யும். இன்னொரு விஷயம்: கதை சொல்லுகிறவர்கள் குழந்தை அகப்பட்டதோடு நிறுத்திவிடுகிறார்கள்; எனக்கோ, கோயிலிலிருந்து கூட்டி வந்த பிள்ளையைத் திண்ணையில் உட்கார்த்தி வைத்துத் தகப்பனார் என்ன சொன்னார் என்பதில்தான் ஆவல். வளர்ப்பு என்பது பெரும்பாலும் அந்த இடத்தில், அதட்டல் முடிந்த பின்பு வருகிற வார்த்தையில்தான் இருக்கிறதென்பது என் அபிப்பிராயம்.

இதே கரிசல் சீமையின் தெற்கே, எட்டையபுரத்தில், ஏறத்தாழ அதே காலத்தில் இன்னொரு தகப்பனார் இருந்தார். சின்னச்சாமி ஐயர் கணிதத்திலும் யந்திரங்களிலும் அபாரப் பிரீதி உடையவர். பஞ்சாலை நிறுவி நஷ்டப்பட்டவர். தாயை ஐந்து வயதில் இழந்த தம் மகன் சுப்பிரமணியன் ஆங்கிலமும் கணக்கும் கற்றுப் பெரிய உத்தியோகத்துக்கு வரவேண்டுமென்று, தெருப் பிள்ளைகளோடு சேரவும் விளையாடவும் விடாமல் வளர்த்தார். மகன் பாரதியார் ஆனபின் எழுதிய சுயசரிதைப் பாட்டில் அந்தத் தனிமையின் ஏக்கத்தைப் பதிவு செய்திருக்கிறார். முப்பது வயதை நெருங்கிய பிறகும் அது ஆறவில்லை. 1915-இல் அவர் குழந்தைகளுக்கென்று ஒரு பாட்டு எழுதியபோது, அதில் முதல் உபதேசமாக வைத்தது படிப்பையன்று, பக்தியையன்று, விளையாட்டை. தகப்பனாருக்கு மகன்மேல் அன்பில்லை என்று எவரும் சொல்லமுடியாது. அன்பு மலைபோல் இருந்தது. பிள்ளைக்குத் தெரிந்ததெல்லாம் மூடிய கதவு மட்டுமே.

மகான்களையும் மகாகவிகளையும் வைத்துக்கொண்டு சாமானியப் பிள்ளைகளுக்கு நியாயம் வகுப்பது சரியாகாதென்று வாசகர்கள் ஆட்சேபிக்கலாம். அந்த ஆட்சேபத்துக்கு இடம் உண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலியில் டயானா பாம்ரிண்ட் என்ற மனோதத்துவ அறிஞர் 1960-களில் செய்த ஆராய்ச்சி சாமானியப் பிள்ளைகளைப் பற்றியதே. அவர் கையாண்ட முறையில் ஒரு சாமர்த்தியம் இருந்தது. பெற்றோரை முதலில் தரம் பிரித்துவிட்டுப் பிள்ளைகளைத் தேடாமல், பாலர் பள்ளிக்கு வரும் மூன்று நான்கு வயதுக் குழந்தைகளை முதலில் கவனித்தார். தானே முயன்று பார்த்து, தன்னை அடக்கிக்கொள்ளவும் தெரிந்து, உற்சாகமாக இருக்கும் குழந்தைகள் ஒரு வகை, ஒதுங்கி நின்று எவரையும் நம்பாமல் முகம் சுண்டியிருக்கும் குழந்தைகள் ஒரு வகை, எடுத்ததற்கெல்லாம் பெரியவர்களைத் தொத்திக்கொண்டு, சிறு தடை வந்தாலும் விட்டுவிடும் குழந்தைகள் ஒரு வகை என்று கண்டு, அதன் பிறகே அவரவர் வீட்டில் நடப்பது என்ன என்று பார்க்கச் சென்றார். மூன்றாம் வகைக் குழந்தைகளின் வீட்டில் செல்லம் இருந்தது, விதி இல்லை. இரண்டாம் வகையின் வீட்டில் விதி இருந்தது, அதற்குக் காரணம் சொல்லும் வழக்கம் இல்லை. முதல் வகையின் வீட்டில்தான் ஆச்சரியம்: அங்கே கண்டிப்புக்குக் குறைவே இல்லை, ஆனால் கண்டித்தவர்கள் ஏன் என்று சொன்னார்கள், பிள்ளை எதிர்த்துக் கேட்டால் கேட்டுக்கொண்டார்கள், கேட்டபின்பும் தேவையானபோது பிடிவாதமாக நின்றார்கள். விதியும் இன்றி அன்பும் இன்றி, பிள்ளை இருப்பதையே மறந்துவிட்ட வீடு என்று நான்காவது ஒரு வகையை மேக்கபி, மார்ட்டின் என்ற ஆராய்ச்சியாளர்கள் 1983-இல் சேர்த்தார்கள். அதைப்பற்றிப் பேச அதிகம் இல்லை. அதன் பலன் யாவருக்கும் தெரிந்ததே.

பெர்க்கிலிக்குப் போகாமலே அந்த முதல் வகை வீட்டை நான் எங்கள் வட்டாரத்துப் பாளையம்பட்டியில் பார்த்திருக்கிறேன். அது ஒரு தறி வீடு. தகப்பன் தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருக்க, நாலு வயதுப் பையன் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, பளபளவென்று இழுத்துக் கட்டியிருந்த பாவின்மேல் கையை வைக்கப் போனான். பக்கத்து வீடாக இருந்தால் ஒரு அறை விழுந்திருக்கும். எதிர் வீடாக இருந்தால், "பச்சப் பிள்ள, தொட்டுப் பாக்கட்டும், விடுப்பா" என்று அப்பத்தா குறுக்கே விழுந்திருப்பார். இந்த மனிதர் நாடாவை நிறுத்தினார். "ஏலே, தொடாத. இழை அந்துருச்சுன்னா அப்பா ஒவ்வொண்ணாத் தேடி முடிச்சுப் போடணும். சாயங்காலம் உன்னைக் கடைக்குக் கூட்டிட்டுப் போக நேரம் இருக்காது. அந்தா தார் கெடக்கு பாரு, அதை எடுத்துக் குடு" என்றார். பையன் தாரை எடுத்துக் கொடுத்தான். பிறகு ஒவ்வொரு தாராக எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தான், வேண்டாம் என்ற பின்பும். தடை ஒன்று, காரணம் ஒன்று, கைக்கு வேலை ஒன்று என மூன்றும் அரை நிமிஷத்தில் முடிந்துவிட்டன. அந்தத் தகப்பன் மனோதத்துவம் படித்தவரல்லர். தறிதான் அவருக்கு அதைக் கற்பித்தது. ஏனெனில் தறி வீட்டில் காரணம் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. அந்துபோன இழையைக் குழந்தையே பார்க்கிறது. தகப்பன் விடியுமுன் ஆலைக்கோ வெளியூருக்கோ வேலைக்குப் போய் இருட்டிய பின் திரும்பும் வீட்டில், அவன் ஏன் களைத்திருக்கிறான், ஏன் சத்தம் போடாதே என்கிறான் என்பதற்குக் குழந்தையின் கண்ணுக்குத் தென்படும் காரணம் ஏதும் கிடையாது. அங்கே காரணத்தை வாயால்தான் சொல்லவேண்டியிருக்கிறது. அந்தப் பழக்கமோ நமக்கு இல்லை.

நமக்கு இருக்கும் பழக்கம் ராஜதந்திரம். பிள்ளைத்தமிழில் ஏழாவதாக வரும் அம்புலிப் பருவத்தில், குழந்தையோடு விளையாட வரும்படி சந்திரனைச் சாமம், பேதம், தானம், தண்டம் என்ற நான்கு உபாயங்களாலும் அழைப்பது மரபு. பாடுவதற்கு அதுவே கடினமான பருவம் என்பார்கள் புலவர்கள். எங்கள் தெருவில் ஒரு கிண்ணம் சோறு ஊட்டி முடிப்பதற்குள் தாய்மார்கள் அந்த நான்கையும் வெகு லாகவமாகப் பிரயோகித்துவிடுகிறார்கள். "என் ராசால்ல, அந்தா நிலாவப் பாரு" என்பது சாமம். "நீ சாப்பிடலேன்னா தங்கச்சிக்குக் குடுத்துருவேன்" என்பது பேதம். சேவு வாங்கித் தருவதாகச் சொல்வது தானம். நான்காவதற்குப் பூச்சாண்டி இருக்கிறான். இப்போது அவனோடு செல்போனும் சேர்ந்து, தானத்துக்கு ஒரு தரமும் தண்டத்துக்கு ஒரு தரமுமாக இரட்டை உத்தியோகம் பார்க்கிறது. ரசிக்கத்தக்க காட்சிதான். ஆனால் இந்த உபாயங்கள் பகையரசரை வசப்படுத்த வகுக்கப்பட்டவை என்பதை நாம் மறந்துவிடுகிறோம். பேதத்தால் உண்ட பிள்ளை தங்கையைப் பகையாகக் கற்கிறது. தானத்தால் உண்ட பிள்ளை நாளைக்குக் கடை வாசலில் விலையைக் கூட்டிக் கேட்கிறது. பூச்சாண்டிக்குப் பயந்து உண்ட பிள்ளை, பூச்சாண்டி வரமாட்டான் என்று தெரிந்துகொண்ட அன்று முதல் தாயின் வார்த்தையையும் அவ்வளவாக நம்புவதில்லை.

"முருங்கையை ஒடிச்சு வளக்கணும், பிள்ளையை அடிச்சு வளக்கணும்" என்ற பழமொழியை என்னிடம் சொல்லாத பெரியவர் இந்த வட்டாரத்தில் இல்லை. முருங்கைக்கு நோவு தெரியாதென்பதை அவர்களிடம் சொல்லிப் பார்த்தேன், சிரித்துக்கொண்டார்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 17-ஆம் பிரிவில், பள்ளிக்கூடத்தில் பிள்ளையை அடிப்பதையும் மனத்தை வதைப்பதையும் தடை செய்துவிட்டது. வாத்தியார் பிரம்பைக் கீழே வைத்துவிட்டார். வீட்டிலோ அது கரண்டிக் காம்பாகவும் விளக்குமாறாகவும் ஜீவித்திருக்கிறது. அடித்தால் அந்தக் கணத்தில் பிள்ளை அடங்குவது மெய். அதனால்தான் அந்த வழக்கம் சாகமாட்டேன் என்கிறது. அடங்கிய பிள்ளை கற்றுக்கொண்டது இழை அறுந்துவிடும் என்பதையன்று, அப்பா இருக்கும்போது தொடக்கூடாது என்பதையே.

ஆயினும் மேல்நாட்டு வகுப்புமுறையை அப்படியே கொண்டுவந்து நம் வீட்டு நிலைப்படியில் அறைந்துவிடுவதற்கும் நான் சம்மதியேன். ரூத் சாவ் என்ற ஆராய்ச்சியாளர், சீனத் தாய்மாரின் கண்டிப்பை அமெரிக்க அளவுகோலால் வெறும் அதிகாரம் என்று அளப்பது பிழை, அது அக்கறையோடு கூடிய பயிற்சி என்று 1994-இல் எடுத்துக்காட்டினார். தமிழ்க் குடும்பமொன்றில் தங்கி வாழ்ந்து, நம்முடைய அன்பைப் பற்றியே ஒரு நூல் எழுதி 1990-இல் வெளியிட்ட மார்கரெட் டிராவிக் என்னும் அமெரிக்க அம்மையார், இங்கே தாயின் அன்பு அடக்கத்துக்குள் மறைந்திருப்பதைக் கண்டு வியந்தார். திருஷ்டி பட்டுவிடும் என்று தன் பிள்ளையின் அழகைத் தானே புகழாதவள், கொஞ்சுகிற பொறுப்பை அப்பத்தாவுக்கும் அம்மாச்சிக்கும் அத்தைக்கும் விட்டுவிட்டுக் கண்டிக்கிற பொறுப்பை மாத்திரம் வைத்துக்கொள்பவள் நம் தாய். ஒருவர் கண்டித்தால் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ள இன்னொரு மடி இருந்தவரையில் இந்த ஏற்பாடு செவ்வையாகவே நடந்தது. திருச்சுழிப் பையனுக்கு அன்று கோயிலில் கிடைத்தது அப்படி ஒரு மடிதான் என்று நினைக்கிறேன். இன்று அப்பத்தா பாளையம்பட்டியிலும் பிள்ளை திருப்பூரிலும் இருக்கிறபோது, மறைந்திருக்கும் அன்பை எடுத்துக் காட்ட ஆள் இல்லை. அதே முகம் கண்டிக்கவும் வேண்டும், அதே முகம் கொஞ்சவும் வேண்டும். இந்தப் புதிய பாரத்தைத்தான் இக்காலத்துத் தாய்மார்கள் தனியாகச் சுமக்கிறார்கள்; அவர்களைக் குறைகூறுமுன் பெரியவர்கள் இதை யோசிக்கவேண்டும்.

பிறவிச் சுபாவம் என்று ஒன்று இருப்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. நியூயார்க்கில் தாமஸ், செஸ் என்ற வைத்தியத் தம்பதிகள் 1956 முதல் பல ஆண்டுகள் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, கைக்குழந்தைப் பருவத்திலேயே ஒன்று சாந்தமாகவும் ஒன்று முரண்டாகவும் ஒன்று எதற்கும் தயங்கித் தயங்கிப் பழகுவதாகவும் இருப்பதைக் கண்டார்கள். முரட்டுப் பிள்ளை தாயையும் முரடாக்கிவிடுகிறது. தாய் பிள்ளையை வளர்ப்பதைப் போலவே பிள்ளையும் தாயை வளர்க்கிறது. ஆகையால் மூத்தவனுக்குப் பலித்த முறை இளையவளுக்குப் பலிக்கவில்லையே என்று வருந்துகிறவர்கள், முறையை மாற்றிப் பார்க்கலாம். தங்களை நொந்துகொள்ள வேண்டியதில்லை.

பிள்ளை தாயை வளர்த்த கதை திருச்சுழிக் குடும்பத்திலேயே உண்டு. பையனின் தாய் அழகம்மாள் 1916-இல் திருவண்ணாமலைக்கே வந்து, துறவியாகிவிட்ட மகனோடு தங்கிவிட்டார். ஆசாரம் மிகுந்த அம்மையார். வெங்காயத்தையும் முருங்கைக்காயையும் தீண்டமாட்டார். மோட்சத்துக்கு அவை எவ்வளவு பெரிய தடை என்று மகன் அவரைப் பரிகாசம் செய்தே அந்தப் பிடிவாதத்தை இளக்கினாராம். ஒருமுறை அப்பளம் இடுவதற்கு ஒத்தாசை செய்யும்படி தாய் கூப்பிட்டபோது, மகன் எழுந்து வரவில்லை. உளுந்தையும் பிரண்டைச் சாற்றையும் குழவியையும் கொண்டே வேதாந்தம் முழுவதையும் விளக்கி ஒரு பாட்டு எழுதிக் கொடுத்தார். அப்பளப் பாட்டு என்ற பெயரில் அது இன்றும் அவருடைய நூல்திரட்டில் அச்சாகி வருகிறது. காகிதக் கப்பல் விட்ட அந்தத் திருச்சுழி வீட்டைச் சுந்தர மந்திரம் என்ற பெயரில் ரமணாசிரமத்தார் பராமரித்து வருகிறார்கள். அருப்புக்கோட்டையிலிருந்து பஸ் உண்டு, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகலாம்.