துணியும் பிசினும்: வீட்டில் செய்யலாமா கார்பன் ஃபைபர்?

பட்டான்செரு, ராமச்சந்திரபுரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் பொறியியல் படிக்கும் பிள்ளை இல்லாத வீடு குறைவு. அந்தப் பிள்ளைகள் இன்று ஆசையுடன் வாங்கி வரும் பொருள்களில் ஒன்று, கறுப்பாக மின்னும் கார்பன் ஃபைபர் துணி. போட்டிக்கான சிறிய கார், டிரோன், சைக்கிள் என்று எதற்கும் "மொட்டை மாடியிலேயே செய்துவிடலாம்ப்பா" என்கிறார்கள். செய்யலாமா? எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது? ஃபைபர் பட்டறையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில், பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து படிப்பதற்காக இதை எழுதுகிறேன்.

நம் ஊருக்கும் இந்தத் தொழிலுக்கும் உள்ள உறவு சிறியதல்ல. ராமேசுவரத்தில் பிறந்த டாக்டர் அப்துல் கலாம், 1960களில் தும்பாவிலேயே நார் கலந்த பிளாஸ்டிக் பொருள்களில் ஈடுபட்டவர். 1982இல் ஹைதராபாத்தின் ஏவுகணை ஆய்வுக்கூடத்திற்குத் தலைமை ஏற்று வந்தார். 1989 மே 22 அன்று அக்னி பறந்தபோது, அதன் மூக்குப் பகுதியைக் கடும் வெப்பத்திலிருந்து காத்தது கார்பன் நாரால் ஆன பொருள்தான்.

ஒருநாள் நிஜாம் மருத்துவ நிறுவனத்தின் எலும்பு மருத்துவர் ஒருவர் ஆய்வுக்கூடத்துக்கு வந்து, அங்கிருந்த இலேசான பொருளைக் கையில் தூக்கிப் பார்த்தாராம். உடனே கலாமைத் தம் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, 3 கிலோவுக்கும் மேற்பட்ட இரும்புக் காலணைகளை இழுத்துக்கொண்டு நடந்த குழந்தைகளைக் காட்டினார். சில வாரங்களில் 300 கிராம் எடையில் புதிய காலணை தயாரானது. பெற்றோர்களின் கண்ணீரைப் பற்றிக் கலாம் பல மேடைகளில் பேசியிருக்கிறார்.

அந்தக் காலணை வேலை செய்யும் விதத்தைக் கவனியுங்கள். பாதத்தின் கீழே ஒரு தகடும், முழங்காலுக்குக் கீழே முன்புறம் ஒரு தகடும் ஒரே துண்டாக இருக்கும். பாதம் தரையை அழுத்தும்போது, தரையின் எதிர்விசை அந்த முன்தகடு வழியாக முழங்காலைப் பின்னுக்குத் தள்ளி, மடங்காமல் நிறுத்துகிறது. தகடு வளைந்து கொடுத்தால் கால் மடங்கிவிடும். ஆகவே எடையும் குறைய வேண்டும், விறைப்பும் குறையக் கூடாது. இந்த இரண்டையும் ஒன்றாகத் தருவதுதான் நாரும் பிசினும் சேர்ந்த பொருளின் சிறப்பு.

கொலு பொம்மை சொல்லும் பாடம்

காகிதக் கொலு பொம்மையை நாம் அறிவோம். அச்சில் காகிதத்தையும் பசையையும் அடுக்கடுக்காக ஒட்டி, காய்ந்ததும் பிரித்தெடுப்பார்கள். கார்பன் ஃபைபர் வேலையும் இதேதான். காகிதத்துக்குப் பதில் துணி. பசைக்குப் பதில் ரெசின். கார்பன் இழை ஒன்றின் தடிமன் சுமார் 7 மைக்ரான், அதாவது தலைமுடியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. இரும்பின் அடர்த்தி 7.8, அலுமினியம் 2.7, கார்பன் நார் 1.8 மட்டுமே.

பலம் முழுவதும் நாரில் இருக்கிறது. அதுவும் நார் ஓடும் திசையில்தான். ரெசின் நார்களை இடம் பெயராமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவே. புதியவர்கள் செய்யும் முதல் தவறு, "கொஞ்சம் கூடவே இருக்கட்டும்" என்று ரெசினை ஊற்றுவது. அப்படிச் செய்தால் எடை கூடும், பலம் கூடாது. கையால் செய்யும் வேலையில் துணியின் எடைக்குச் சமமான எடை ரெசின் போதும்.

முதல் வேலை: ஒரு தட்டு

சாவி, பேனா வைக்க ஒரு தட்டு செய்து பழகலாம், உணவுக்கு வேண்டாம். விளிம்பு வெளிப்பக்கம் விரிந்த எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து வையுங்கள். அதன் முதுகுதான் அச்சு. மெழுகு பாலிஷை நான்கைந்து முறை பூசி, ஒவ்வொரு முறையும் காயவிட்டுத் துடையுங்கள். மெழுகு சரியில்லை என்றால் தட்டும் அச்சும் பிரியவே பிரியாது.

சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள துணியில் 30 செ.மீ. சதுரமாக மூன்று துண்டுகள் வெட்டுங்கள். வெட்டும் கோட்டில் முதலில் டேப் ஒட்டினால் நூல் பிரியாது. நடுத் துண்டின் நூல்கள் மற்றவற்றுக்குக் குறுக்காக, 45 டிகிரியில் ஓடட்டும். மூன்றின் எடை 54 கிராம். பிரஷிலும் கிண்ணத்திலும் வீணாவதைச் சேர்த்து 66 கிராம் கலவை போதும்.

எபாக்ஸி ரெசினில் 100 பங்குக்கு 10 பங்கு ஹார்டனர் சேரும் வகை நம் நாட்டில் பரவலாகக் கிடைக்கிறது. அதன்படி 60 கிராமுக்கு 6 கிராம். உங்கள் டப்பாவில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். கண் மதிப்பு உதவாது, தராசு வேண்டும். சீக்கிரம் காயட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினால், மிஞ்சியது வினையில் சேராமல் தங்கி, பொருள் மென்மையாகவே நின்றுவிடும்.

ஒரு பூச்சு ரெசின், ஒரு துணி என்று அடுக்குங்கள். தேய்க்காமல் பிரஷால் குத்திக் குத்தி நனையுங்கள். மேலே பாலித்தீன் தாள் விரித்து, காற்றையும் மிகை ரெசினையும் ஓரத்துக்குத் தள்ளுங்கள். விளிம்பின் சுருளுக்கு மேல் துணி போக வேண்டாம், மாட்டிக்கொள்ளும். 24 மணி நேரம் கழித்துப் பிரிக்கலாம். முழுப் பலம் வர ஒரு வாரம் ஆகும்.

நம் ஊர் வெயில்

ரெசின் காய்வது ஈரம் உலர்வது போன்றதல்ல. அது வெப்பத்தை வெளிவிடும் ரசாயன வினை. சூடு 10 டிகிரி கூடினால் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஒரு மே மாத மதியம் என் மகன் அரைக் கிலோவை ஒரே பிளாஸ்டிக் டப்பாவில் கலந்துவிட்டான். பதினைந்து நிமிடத்தில் புகை கிளம்பி, டப்பா உருகித் தரையில் வழிந்தது. அத்தனை வருட அனுபவம் உள்ள நான் பக்கத்தில் இருந்தும் தடுக்கத் தவறினேன். சிறிது சிறிதாக, அகலமான தட்டில், விடியற்காலையில் கலப்பதே நல்லது.

உடம்பைக் காக்க

கையுறை இல்லாமல் எபாக்ஸியைத் தொடாதீர்கள். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால், பிறகு துளி பட்டாலும் தோல் தடிக்கும். கையில் பட்டால் சோப்பும் தண்ணீருமே போதும், தின்னர் வேண்டாம். காய்ந்த பொருளைத் தேய்க்கும்போது தண்ணீர் ஊற்றித் தேய்த்து, முகமூடி அணியுங்கள். அந்தத் தூள் மூச்சிலும் போகும். மின்சாரம் கடத்துவதால் கம்ப்யூட்டரையும் கெடுக்கும். விளிம்புச் சிலும்புகள் ஊசிபோல் ஏறும்.

விலை குறைவென்று பாலியெஸ்டர் ரெசினை வாங்குவோர்க்கு ஓர் எச்சரிக்கை. அதில் கேட்டலிஸ்ட், ஆக்சிலரேட்டர் என இரு திரவங்கள் உண்டு. இவ்விரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது. தீப்பற்றும், வெடிக்கவும் கூடும். கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். கண்ணாடி அணியாமல் யாரும் அருகில் நிற்க வேண்டாம்.

எதைச் செய்யக் கூடாது?

உறை, மூடி, தட்டு, டிரோனின் மேல்கூடு — இவற்றைச் செய்யுங்கள். சைக்கிள் ஃபோர்க், ஹேண்டில்பார், ஹெல்மெட், பிரேக் பாகம் — இவற்றைச் செய்யாதீர்கள். இரும்பு முறியுமுன் பெரும்பாலும் வளைந்து எச்சரிக்கும். கார்பன் ஃபைபர் எச்சரிக்காது, படக்கென்று முறியும். அடுக்குகளுக்கிடையே சிக்கிய காற்றுக் குமிழி வெளியே தெரியாது. விமானத் தொழிற்சாலைகளில் வெற்றிடப் பையிலும் அழுத்த உலையிலும் வேகவைத்து, ஒலி அலைகளால் உள்ளே சோதிக்கிறார்கள். நம் மாடியில் அந்த வசதி இல்லை.

குழந்தைகளின் காலில் 3 கிலோவை 300 கிராமாக்கியவர்களின் கைக்குப் பின்னால் பல ஆண்டுப் பழக்கம் இருந்தது. நம் பிள்ளைகள் ஒரு சாவித் தட்டில் தொடங்கட்டும். பக்கத்தில் நாம் உட்கார்ந்து, தராசைப் பார்த்து எடையைப் படித்துச் சொல்வோம்.