நாக்கில் ஒரு வேலை, ரத்தத்தில் ஒரு வேலை

டீ வந்ததும் குடித்துவிட வேண்டாம், அண்ணாச்சி. முதலில் இந்தச் சிறுகுறிஞ்சான் இலை இரண்டை நன்றாக மென்று, சாறு நாக்கு முழுக்கப் படும்படி ஒரு நிமிடம் வைத்திருந்து துப்பிவிடுங்கள். கசக்கத்தான் செய்யும். இப்போது ஒரே ஒரு சிட்டிகை சீனியை நாக்கில் போடுங்கள். மணலைப் போட்ட மாதிரி நறநறவென்று இருக்கும், இனிப்பு இருக்காது. சீனி போட்ட டீயைக் குடித்தாலும் பாலும் தூளும் தெரியும், சீனி மட்டும் தெரியாது. அரை மணி நேரம், சிலருக்கு ஒரு மணி நேரம் வரைக்கும் இப்படி இருந்துவிட்டு நாக்கு பழையபடி ஆகிவிடும்.

நம் ராயகிரி ஊர்க்காரர்களுக்கு இந்தக் கொடியை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மேற்கே மலையடிவாரப் புதர்களிலும் காட்டு வேலிகளிலும் படர்கிற கொடி இது. சர்க்கரைக்கொல்லி என்றாலும் இதுதான். சாரல் நேரத்தில் குற்றாலம் போனால் மூலிகைக் கடைகளில் பொடியாகக் கிடைக்கும். வாசுதேவநல்லூரில் சர்க்கரை ஆலை வருகிற அளவுக்குக் கரும்பு விளைந்த பூமி நம்முடையது. அதே பூமியில்தான் சீனியின் இனிப்பை மறைக்கிற இலையும் தழைக்கிறது. கடல் தாண்டி யாழ்ப்பாணத்தில் குறிஞ்சா இலையைத் தேங்காய்ப்பூ போட்டு வறை செய்து சோற்றோடு சாப்பிடுகிறார்கள். அவர்களுக்கு அது மருந்து என்பதைவிட ஒரு கீரை.

நாக்கில் நடக்கும் இந்தச் சோதனையை ஒரு தடவை பார்த்தவர் அடுத்துக் கேட்பது ஒரே கேள்விதான்: “இதைத் தின்னா சக்கரை மாத்திரையை விட்டுரலாம்லா?” கேட்பவர் மேல் தப்பே இல்லை. சீனியை வாயிலேயே கொன்றுவிட்ட இலை, உடம்புக்குள் போய்ச் சும்மா இருக்குமா என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் வாயில் நடந்தது வேறு, ரத்தத்தில் நடக்க வேண்டியது வேறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

வாயில் நடப்பதை முதலில் பார்ப்போம். இலை நாக்கின் இனிப்பை மறைக்கிறது என்ற செய்தி 1847இலேயே ஐரோப்பியர் எழுத்தில் ஏறிவிட்டது. 1887இல் ஊட்டியில், சிங்கோனா மரப்பட்டையிலிருந்து கொய்னா எடுக்கும் வேலையைக் கவனித்துவந்த அரசாங்க வேதியியலாளர் டேவிட் ஹூப்பர், இந்த இலையிலிருந்து அந்தக் காரியத்தைச் செய்யும் பொருளைப் பிரித்தெடுத்தார். ஜிம்னிமிக் அமிலம் என்று அதற்குப் பெயர். அது ஒரே பொருள் அல்ல, ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பல பொருள்களின் தொகுதி என்று பிற்பாடு தெரிந்தது. நாக்கின் சுவை மொட்டுகளில் இனிப்பைக் கண்டுகொள்வதற்கென்றே ஒரு புரதம் இருக்கிறது. ஜிம்னிமிக் அமிலம் அதில் போய் ஒட்டிக்கொண்டு அதை வேலை செய்யவிடாமல் பண்ணுகிறது. சீனிக்கு ஒன்றும் ஆகவில்லை. அது அப்படியே வயிற்றுக்குப் போகிறது, ரத்தத்தில் கலக்கிறது. இலையை மென்றுவிட்டு இரண்டு லட்டு தின்றால், லட்டு ருசிக்காது, ஆனால் சர்க்கரை ஏறியே தீரும். சோறு இனிப்பதே இல்லை, அதுவும் சர்க்கரையாகத்தானே ரத்தத்துக்குப் போகிறது?

இந்த நாக்கு வேலையிலேயே ஒரு பயன் இருக்கிறது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இனிப்பைப் பார்த்தால் கை தானாகப் போகிறவர்களுக்கு, ருசி தெரியாத அரை மணி நேரம் பெரிய உதவி. ருசி இல்லாவிட்டால் இரண்டாவது துண்டுக்கு மனசு போகாது.

ரத்தத்தில் என்ன நடக்கிறது என்பதை ஓரளவு அளந்து பார்த்ததும் நம் சென்னையில்தான். தரமணியில் உள்ள சென்னைப் பல்கலைக்கழக ஆய்வு நிலையத்தில் ஈ.ஆர்.பி. சண்முகசுந்தரம் தலைமையில் ஒரு குழு இந்த இலையின் சாரத்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 1990இல் முடிவுகளை வெளியிட்டது. பெரியவர்களுக்கு வருகிற இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ள 22 பேர், தாங்கள் வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரையோடு சேர்த்துத் தினமும் 400 மில்லிகிராம் சாரம் எடுத்துக்கொண்டார்கள், ஒன்றரை வருஷத்துக்கும் மேலாக. சர்க்கரை இறங்கியது. மாத்திரையின் அளவைக் குறைக்க முடிந்தது. ஐந்து பேரால் மாத்திரையையே நிறுத்த முடிந்தது. இன்சுலின் போட்டே ஆக வேண்டிய முதல் வகை நோயாளிகள் 27 பேரிடமும் பார்த்தார்கள். அவர்களுக்கு இன்சுலின் தேவை குறைந்தது.

நல்ல சேதிதான். எனக்கும் இதைச் சொல்வதில் பெருமை உண்டு. ஆனாலும் எண்ணிக்கையைப் பாருங்கள்: 22 பேர், 27 பேர். யாருக்குச் சாரம், யாருக்கு வெறும் மாவு மாத்திரை என்று குலுக்கல் முறையில் பிரித்து, கொடுப்பவருக்கும் தெரியாமல் வாங்குபவருக்கும் தெரியாமல் ஒப்பிட்ட ஆய்வல்ல அது. ஐந்து பேர் நிறுத்தினார்கள் என்றால் மீதிப் பதினேழு பேருக்கு மாத்திரை தேவைப்பட்டது என்றும் அர்த்தம். அந்த ஐந்து பேரும் ஒருநாள் காலையில் எழுந்து தாங்களாக நிறுத்தவில்லை, டாக்டர்கள் ரத்தத்தைப் பார்த்துப் பார்த்து நிறுத்தினார்கள். இன்னொன்று, அவர்கள் எடுத்துக்கொண்டது வடித்துச் செறிவாக்கிய சாரம். கடையில் வாங்கும் பொடியில் எத்தனை கரண்டி போட்டால் அதற்குச் சமம் என்று எந்தப் பொட்டலமும் சொல்லாது. பறித்த இடம், காயவைத்த விதம், எத்தனை நாள் பழசு என்பதைப் பொறுத்து இலையின் வீரியம் மாறும்.

செடி என்பதால் நான் தள்ளிவைக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். காலையும் ராத்திரியும் நீங்கள் போட்டுக்கொள்கிற மெட்ஃபார்மின் மாத்திரையின் வரலாறும் ஒரு செடியிலிருந்துதான் தொடங்குகிறது. கலேகா என்ற ஐரோப்பியச் செடி அது. அங்கே நாட்டு வைத்தியர்கள் அதைப் பல காலம் பயன்படுத்தினார்கள். அதில் இருந்த பொருள் சர்க்கரையை இறக்கியது, ஆனால் விஷமாகவும் இருந்தது. அதே சாயலில், விஷம் இல்லாத ஒன்றைத் தேடித் தேடி, 1957இல் பிரெஞ்சு டாக்டர் ஜான் ஸ்டெர்ன் மெட்ஃபார்மினை நோயாளிகளுக்குக் கொடுத்த முடிவை வெளியிட்டார். அதற்குப் பிறகு ஆயிரக்கணக்கானவர்களிடம், வருஷக்கணக்கில் அளந்து பார்த்திருக்கிறார்கள். சிறுகுறிஞ்சானுக்கு அந்த அளவு சோதனை இன்னும் நடக்கவில்லை. 2023இல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல். இப்படி ஒரு நாட்டில் இந்த இலையைப் பெரிய அளவில் சோதிக்காமல் இருப்பது நமக்கு நஷ்டம். நம் பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இங்கே மலை இருக்கிறது, இலை இருக்கிறது, நோயாளிகளும் இருக்கிறார்கள். இந்த வேலை இங்கேயே நடக்க வேண்டும் என்பது என் ஆசை.

சாப்பிடத்தான் போகிறேன் என்றால் சில விஷயங்கள். தெரியாத கொடியை வாயில் வைத்து இனிப்பு போகிறதா என்று சோதிக்காதீர்கள். எருக்கும் அரளியும் இதே தாவரக் குடும்பம், அரளி ஆளைக் கொல்லும். செடி தெரிந்தவர் காட்டித் தர வேண்டும், அல்லது சித்த மருத்துவர் கொடுக்க வேண்டும். மாத்திரையோடு இலையும் சேர்ந்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடக்கூடும். படபடப்பு, குப்பென்று வியர்வை, கைநடுக்கம் வந்தால் உடனே சீனியோ குளுக்கோஸோ சாப்பிட வேண்டும். அந்த நேரம் இலையை மென்றிருந்தால் சீனி இனிக்காது. இனிக்கவில்லையே என்று நிறுத்திவிடாதீர்கள், அது ரத்தத்தில் வேலை செய்யும். அபூர்வமாக ஈரலைப் பாதித்ததாகவும் மருத்துவ இதழில் பதிவு இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு வேண்டாம். ஆபரேஷன் நாள் குறித்திருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு நிறுத்த வேண்டும். இன்சுலின் போடுகிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால், யார் என்ன சொன்னாலும் ஊசியை ஒருவேளைகூட விடக் கூடாது.

மக்களைத் தேடி மருத்துவம் 2021இல் வந்ததிலிருந்து சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. கொண்டுவந்து தருகிறவரிடமும், ஆஸ்பத்திரி டாக்டரிடமும் “நான் சிறுகுறிஞ்சான் சாப்பிடுகிறேன்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், அண்ணாச்சி. திட்டுவார்களோ என்று மறைத்தால், சர்க்கரை எதனால் இறங்கியது என்று அவர்களுக்குத் தெரியாமல் போகும். இலையைத் தொடங்கும் முன் ஒரு தடவை, மூன்று மாதம் கழித்து ஒரு தடவை, அந்த ‘மூணு மாசச் சர்க்கரை’ டெஸ்ட்டை எடுத்துப் பாருங்கள். மாத்திரையைக் குறைப்பதா வேண்டாமா என்பதை அந்த இரண்டு சீட்டையும் பார்த்து டாக்டர் சொல்லட்டும்.